காலமான இருவரின் கண் பரிசோதனை

அக்ரினா தீவுக்கு வந்த ஒன்பதாவது நாள் காலை, ஏதென்ஸிலிருந்து பேராசிரியை கூப்பிட்டார். அசிமினா அப்போது பள்ளிக்கூட வராந்தாவில் ரத்தக் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் குறைந்துபோய் மூடப்பட்ட பள்ளிக்கூடம் அது. கண் ஆராய்ச்சிக்கென்று பஞ்சாயத்து திறந்துவிட்டிருந்தது.

"நாற்பத்தேழாம் எண்காரருக்கு ஒரே ஒரு தம்பி, இறந்துட்டார்னு எழுதியிருக்கீங்க," என்றார் பேராசிரியை. "ஐம்பத்திரண்டாம் எண்காரருக்கு ஒரே ஒரு அண்ணன், அவரும் இறந்துட்டார். ரெண்டு பேருக்கும் அப்பா அம்மா பேரோட முதலெழுத்து, பிறந்த வருஷம், செத்த வருஷம் எல்லாம் ஒண்ணா இருக்கு. நான் வம்சப் படம் வரையறேன். ரெண்டு பேரும் செத்துப்போயிட்டாங்கன்னா, நீங்க யார்கிட்ட ரத்தம் எடுத்தீங்க?"

அசிமினா தான் சரி பார்ப்பதாகச் சொல்லி வைத்தாள். சரி பார்க்க ஒன்றுமில்லை. நாற்பத்தேழும் ஐம்பத்திரண்டும் யாரென்று அவளுக்குத் தெரியும். இருவரும் முந்தின நாள் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, ஒருவர் வடக்கேயும் மற்றவர் தெற்கேயும் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அசிமினாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஏதென்ஸில் ஒரு கண் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். கப்பல் ஏறினால் குமட்டும். அப்படியும் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம், மருத்துவமனையின் இரவுப் பணியைவிடக் குமட்டல் மேல் என்று அவள் நினைத்ததுதான். அவளோடு வந்திருந்த கண் டாக்டர் மிர்த்தோவுக்கு முப்பது வயது. படிப்பில் கெட்டி. புத்தகத்தில் இருக்கும் எதுவும் மிர்த்தோவுக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாதபோது அசிமினாவைத் திரும்பிப் பார்ப்பாள்.

அவர்கள் தேடி வந்த நோய் அந்தப் பக்கத்துத் தீவுகளில் அதிகம். வயதானவர்களின் கண்ணுக்குள், வில்லையின் ஓரத்தில், பொடுகு உதிர்ந்தது போல வெள்ளைத் துகள்கள் படியும். அந்தத் துகள்கள் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியை அடைத்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். ஏறின அழுத்தம் பார்வை நரம்பை அரித்துவிடும். வலி இருக்காது. பாதிப் பார்வை போன பிறகும் ஆள் தனக்கு ஒன்றுமில்லை என்று திரிந்துகொண்டிருப்பான். நோய் குடும்பத்தில் வருவதும், அதற்கு ஒரு மரபணு காரணம் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அந்த மரபணுவை வைத்துக்கொண்டே தொண்ணூறு வயது வரை சுத்தமான கண்ணோடு இருக்கிறவர்களும் உண்டு. ஒருவருக்கு வந்து மற்றவருக்கு ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. வெயிலா, உணவா, குடிக்கிற காப்பியா. அதற்காக எண்பத்துநான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம்.

அந்தப் படிவத்தின் முப்பத்தோராம் கேள்வியில்தான் முதல் வாரத்தில் தீவே கலங்கிப் போயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை காப்பி என்ற கேள்வி அது. அரசாங்கம் காப்பியை நிறுத்தப் பார்க்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வந்த ஒவ்வொருவரும் ஒரு காப்பி என்றார்கள். ஒருவர், அதுவும் பெரிய நாள் கிழமைகளில் மட்டும் என்றார். மூன்றாம் நாள் காப்பிக்கடை தசூலா ஈரக் கையோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். தன் கடையில் நாளைக்கு இருநூற்றுப் பத்துக் காப்பி போடுவதாகவும், ஊரில் இருப்பது நூற்று நாற்பது பேர் என்றும் சொல்லி, "ஆளுக்கு ஒண்ணுன்னா, மிச்சத்தை யாரு, கடல் மீனு வந்து குடிச்சிட்டுப் போகுதா?" என்று கேட்டாள். அதன் பிறகு அசிமினா கேள்வியை மாற்றிக் கேட்கத் தொடங்கினாள். "பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை காப்பி குடிப்பார்?" அதற்கு எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள்.

நாற்பத்தேழாம் எண்ணான ஸஃபீரிஸுக்கு அறுபத்தொன்பது வயது. ஊரில் இருந்த ஒரே டாக்ஸி அவருடையது. சாம்பல் நிறத்துப் பழைய பெரிய கார். அதன் வலப்பக்கம் முழுவதும் முன்னாலிருந்து பின்னால் வரை உராய்ந்து, நாலு வீட்டுச் சுண்ணாம்பு அதில் ஒட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் வண்டி வரும் சத்தம் கேட்டால் இடப்பக்க வாசல்களுக்குள் ஏறி நின்றுவிடுவார்கள். ஸஃபீரிஸைக் கேட்டால், தன் கண் பருந்துக் கண் என்றும், மாதா கோயில் சுவரை யாரோ ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொல்வார். பரிசோதனைக்கு வந்ததே, தீவின் நல்ல கண்ணுக்கு ஒரு எடுத்துக்காட்டு ஆராய்ச்சிக்கு வேண்டியிருக்கும் என்று எண்ணித்தான்.

குடும்ப விவரம் கேட்டபோது அவர் நிதானமாகப் பதில் சொன்னார். அப்பா இல்லை. அம்மா இல்லை, கடைசி ஐந்து வருடம் கண் தெரியாமல் இருந்து போனாள். உடன்பிறந்தவர்கள்?

"ஒரு தம்பி இருந்தான். போயிட்டான்."

அசிமினா வருத்தம் தெரிவித்தாள். எப்போது என்று கேட்டாள். பதினோரு வருடம் என்றார். எதனால் என்று படிவத்தில் இருந்ததால் அதையும் கேட்டாள்.

"திமிர்ல," என்றார் ஸஃபீரிஸ்.

அசிமினா 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கருவியில் உட்காரவைத்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஸஃபீரிஸ் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். புள்ளி வந்தபோதும் அழுத்தினார், வராதபோதும் அழுத்தினார். கருவி இரண்டு முறை சோதனை செல்லாது என்று காட்டியது. மூன்றாம் முறை அசிமினா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, "பெரியவரே, இதுல பரிசு எல்லாம் இல்ல. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க," என்றாள். அழுத்தும் சத்தம் குறைந்தது. வலக் கண்ணுக்கு வந்தபோது அநேகமாக நின்றே போயிற்று.

கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விட்டு, மிர்த்தோ அவர் தாடையைக் கருவியில் பதியவைத்து வெகுநேரம் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளைத் துகள்கள். வலக் கண்ணில் அழுத்தம் முப்பத்தெட்டு. இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது. அப்போதே அழுத்தம் குறைக்கும் மருந்தை ஊற்றி, பெஞ்சில் உட்காரச் சொல்லி, மறுநாள் மனைவியோடு வாருங்கள், விவரமாகப் பேச வேண்டும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றாள். மனைவி மூன்று வருடம் முன்பு காலமானதாகவும், இது நிஜமான சாவு என்றும் அவர் சொன்னார்.

அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தில்தான் ஐம்பத்திரண்டாம் எண் வந்தது. பொலிக்ரோனிஸ், அறுபத்தாறு வயது, முன்பு கல் குவாரியில் லாரி ஓட்டியவர். கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு கையில் தடியும் மறு கையில் மனைவி கருஃபாலியாவின் முழங்கையுமாக வந்தார். பத்து வருடத்துக்கு மேலாக அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். எதிரில் யார் வந்தாலும் குரல் கேட்டுத்தான் அடையாளம் சொல்வார். மனைவி அவரைப் பெஞ்சின் மறுகோடியில் உட்காரவைத்தாள். உட்காரும்போது தன் தடியால் ஸஃபீரிஸின் கால் கட்டைவிரலைச் சரியாக ஒரு முறை குத்தினார். ஸஃபீரிஸ் வடக்கே திரும்பிக்கொண்டார்.

பொலிக்ரோனிஸ் தன் அண்ணன் கடலில் மூழ்கி இறந்ததாகச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கருஃபாலியா சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மிர்த்தோ அவரை இரண்டு முறை சோதித்தாள். கண் சுத்தமாக இருந்தது. துகள் ஒன்றுகூட இல்லை. அழுத்தம் பதினாலு. நரம்பு இளவட்டத்தின் நரம்பு போல இருந்தது. ஆனால் பார்வைப் பரப்புச் சோதனையில் ஒரு தடவைகூடப் பொத்தானை அழுத்தவில்லை. கருவி காட்டியபடி பார்த்தால் முழுக் குருடு.

மிர்த்தோ அசிமினாவைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். "அக்கா, கண்ணு நல்லா இருந்து பார்வை இல்லன்னா மூளையில ஏதோ இருக்கு. கட்டியா இருக்கலாம். ஹெலிகாப்டர் கேட்கணும்."

"அஞ்சு நிமிஷம் குடு," என்றாள் அசிமினா.

அவள் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் பொலிக்ரோனிஸின் கையில் தலைகீழாகக் கொடுத்தாள். கையெழுத்துக்கு மட்டும்தான், கீழே ஓர் இடத்தில் வைத்தால் போதும் என்றாள். பொலிக்ரோனிஸ் தாளை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நேராக்கி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"அஞ்சு வருஷம் ரத்தத்தை வச்சிருப்பீங்கன்னு போட்டிருக்கே, இது யாரு சம்மதிச்சது?" என்று கேட்டார்.

அந்த வரி தாளிலேயே மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அசிமினா எதிரில் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலி. பொலிக்ரோனிஸ் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ள நினைத்து, பயனில்லை என்று விட்டுவிட்டார்.

இங்கே பேசுவது இந்த அறையை விட்டுப் போகாதுதானே என்று முதலில் உறுதி வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

பதினோரு வருடம் முன்பு ஸஃபீரிஸ் ஊர்த் தலைவர் தேர்தலில் நின்றார். அறுபத்தொரு வாக்கு வாங்கி, அறுபத்திரண்டு வாங்கியவரிடம் தோற்றார். மறுநாள் காலை தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று, நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்.

"நான் அவனுக்குத்தான் போட்டேன் சிஸ்டரம்மா. ஊர்ல பாதிப் பேரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து போட வச்சேன். ஆனா கேட்டான் பாருங்க. கேட்டானே. அதுக்கு நான் என்ன சொல்றது? ரகசிய வாக்கெடுப்புன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன்."

ஊரில் ஒரே ஒரு வீதி. தினம் நாலு தடவை எதிரில் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தும் பேசாமல் போனால் ஊர் இவரைத்தான் குறை சொல்லும். அண்ணனுக்கு வணக்கம் சொல்லாத தம்பி என்று. கண் தெரியவில்லை என்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அம்மாவுக்கும் கண் போனதால் எல்லாரும் உடனே நம்பிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்தது. பிறகு எந்த நாளில் பார்வை திரும்பியதாகச் சொல்வது என்று தெரியாமல் பதினோரு வருடம் ஓடிவிட்டது.

"அதுல கொடுமை என்ன தெரியுமா," என்றார் பொலிக்ரோனிஸ். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு, டாக்ஸியில போகும்போதெல்லாம் அஞ்சு விரலையும் விரிச்சு என் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டுப் போறான். வேற எவனாவது அப்படி உள்ளங்கையைக் காட்டித் திட்டியிருந்தா கையை ஒடிச்சிருப்பேன். நான் என்ன பண்றது? 'யாருப்பா போறது, காலை வணக்கம்'னு சொல்ல வேண்டியிருக்கு."

அசிமினா சிரிப்பை அடக்கிக்கொள்ள ரத்தக் குழாய்ப் பெட்டியைத் திறந்து ஏதோ தேடுவது போல் குனிந்தாள். மிர்த்தோவிடம் ஹெலிகாப்டர் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

பேராசிரியை கூப்பிட்டது அதற்கு மறுநாள் காலை. அசிமினா திரும்பக் கூப்பிட்டு, எண்களை மட்டும் வைத்து, இருவரும் உயிரோடிருக்கும் அண்ணன் தம்பி என்றாள். பேராசிரியையின் குரலே மாறிவிட்டது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஊர், ஒரே வெயில். ஒருவருக்கு நோய் முற்றியிருக்கிறது, இன்னொருவருக்குத் துளியும் இல்லை. இந்த மாதிரி இரண்டு உடன்பிறப்புகளைத்தான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேரையும் எப்படியாவது உயிரோடு எழுதி வாங்குங்கள் என்றார்.

அன்று பத்து மணிக்கு ஸஃபீரிஸ் வந்தார். வண்டியில்தான் வந்தார். பள்ளிக்கூட வாசல் தூண் அவர் வருகையைச் சத்தம் போட்டு அறிவித்தது.

மிர்த்தோ படம் போட்டு விளக்கினாள். வலக் கண்ணில் பார்வைப் பரப்பு முக்கால்வாசி போய்விட்டது. போனது வராது. இடக் கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், அதைக் காப்பாற்றலாம். வரும் வியாழக்கிழமை ஏதென்ஸில் லேசர் சிகிச்சைக்கு ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. அடுத்த இடம் எட்டு வாரம் கழித்து. காலைக் கப்பலில் போக வேண்டும். அதுவரை தினம் இரவு சொட்டு மருந்து.

ஸஃபீரிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். இடக் கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். மிர்த்தோவின் முகத்தில் பாதி எங்கோ போயிருக்க வேண்டும், கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். மாதா கோயில் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக மிர்த்தோ, இது குடும்பத்தில் வருவது, ரத்த உறவுகளையும் சோதிக்க வேண்டும் என்றாள். ஸஃபீரிஸ் அவளை விட்டுவிட்டு அசிமினாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா சிஸ்டர், செத்துப்போனவனுக்கு இது இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்," என்றாள் அசிமினா.

"இருக்கு. ஊருக்கே தெரியும். பதினோரு வருஷமா தடவித் தடவி நடக்கிறான். என் கண்ணு ஒரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த வியாழக்கிழமை எடத்தை அவனுக்குக் குடுங்க. நான் எட்டு வாரம் பொறுத்துக்கறேன்."

மிர்த்தோ வாயைத் திறந்தாள். அசிமினா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

அப்படி மாற்றித்தர முடியாது, அவரவர் கண்ணுக்குத்தான் இடம் என்று அசிமினா பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஸஃபீரிஸ் கேட்கவில்லை. அவனை அனுப்பாமல் நான் போக மாட்டேன் என்றார். அந்த வீட்டுக்குப் போகும் படிக்கட்டு எவ்வளவு மோசம் தெரியுமா என்றார். தானே ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் விடியற்காலையில் போய், முப்பத்தாறு படியின் விளிம்பிலும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவதாகவும், அது தெரிந்தால்தான் குருட்டுப் பயல் விழாமல் இறங்குவான் என்றும் சொன்னார். சொன்னபின், இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல எழுந்து போய்விட்டார். வண்டி கிளம்பும்போது தூண் மறுபடி சத்தம் போட்டது.

மத்தியானம் அசிமினா இரண்டு பேரின் படிவங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பிக்குப் பார்வை இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லக்கூடாது. அண்ணனுக்குப் பார்வை போகிறது என்று தம்பியிடம் சொல்லக்கூடாது. பரிசோதனை விவரம் வெளியே போகாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மிர்த்தோ விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். இதற்கு அதில் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அடித்தது நோய் விவரம் ஆகுமா என்று அசிமினா கேட்டாள். ஆகாது என்றுதான் தோன்றுகிறது என்றாள் மிர்த்தோ.

சாயங்காலம் அவள் அந்த முப்பத்தாறு படி ஏறினாள். பொலிக்ரோனிஸின் வீட்டுச் சன்னல்கள் வெளிச்சம் இருக்கும்போதே சாத்தியிருந்தன. கருஃபாலியா கதவை ஒரு விரற்கடை திறந்து யாரென்று பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். உள்ளே பொலிக்ரோனிஸ் விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு பெரிய தட்டில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் நல்ல கண் அவருடையதுதான், எனக்கு எங்கே தெரிகிறது என்றாள் கருஃபாலியா.

அசிமினா காப்பியைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, படி விளிம்பில் சுண்ணாம்பு அழகாக அடித்திருக்கிறது என்றாள்.

"பஞ்சாயத்துல அடிக்கிறாங்க," என்றார் பொலிக்ரோனிஸ், பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "பண்டிகைக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும். இவ்வளவு பொறுப்பான பஞ்சாயத்தை நான் பார்த்ததில்ல."

"பஞ்சாயத்து இல்ல," என்றாள் அசிமினா.

கருஃபாலியா கையிலிருந்த துணியை மடித்து மடித்து வைத்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அசிமினாவுக்குப் புரிந்தது. பொலிக்ரோனிஸ் ஒரு கல்லை எடுத்தார், தட்டின் ஓரத்தில் வைத்தார். மறுபடி அதே கல்லை எடுத்துப் பருப்புக்குள் போட்டார்.

"அவனா?"

அசிமினா காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"முட்டி வலிக்காரன். முப்பத்தாறு படி குனிஞ்சு அடிச்சானா?"

அசிமினா அதைத் தாண்டிப் போனாள். வியாழக்கிழமை காலைக் கப்பலில் ஏதென்ஸ் போக வேண்டிய ஒருவர், தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிப்பதாக மட்டும் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. அந்த இன்னொருவருக்கு அந்த இடம் தேவையே இல்லை என்றும், முதல் ஆள் போகாவிட்டால் பிறகு போவதில் அதிக லாபம் இருக்காது என்றும் சொன்னாள். எழுந்து வாசலுக்கு வந்தபோது பொலிக்ரோனிஸ் பின்னாலேயே வந்தார். தடி இல்லாமல் வந்தார்.

"வண்டியை எப்பவும் வலப்பக்கம்தான் இடிக்கிறான், இல்ல?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் பார்க்கிறதில்லையே," என்றாள் அசிமினா.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு, கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று அசிமினா ஸஃபீரிஸின் வீட்டுக்குப் போனாள். கப்பலில் அனுப்ப வேண்டிய ரத்தக் குழாய்ப் பெட்டி அவள் கையில் இருந்தது. ஸஃபீரிஸ் சட்டை கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். போகிறீர்களா என்று கேட்டதற்கு, அந்தக் குருடனைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போக வேண்டாமா, ஆளனுப்பியிருக்கிறேன், வருவான் என்றார். அவள் என்ன சொல்லியும் வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. சரி, நான் பின்னால் உட்கார்ந்து கத்துகிறேன், நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள் என்று வேறு வழியில்லாமல் சொல்ல வாயெடுத்தபோது, தெருமுனையில் பொலிக்ரோனிஸ் வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை, தடி இல்லை, மனைவி இல்லை. நேராக வந்தார். வழியில் கிடந்த பூனையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஸஃபீரிஸின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

ஸஃபீரிஸ் சாவி இருந்த கையை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறு. கப்பல் போயிடும்," என்றார் பொலிக்ரோனிஸ்.

ஸஃபீரிஸ் சுற்றிப் போய் வலப்பக்கக் கதவைத் திறக்கப் பார்த்தார். அது நசுங்கித் திறக்காமல் வருடக்கணக்காயிற்று. அசிமினா இடப்பக்கப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவரை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அறுபத்தொன்பது வயது மனிதர் இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே புகுந்து முன்னால் போய் உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது.

முதல் வளைவைப் பொலிக்ரோனிஸ் எதிலும் உரசாமல் திருப்பினார்.

"கண்ணு தெரியுதா?" என்றார் ஸஃபீரிஸ்.

"தெரியுது."

"எப்ப இருந்து?"

"எப்பவும்."

ஸஃபீரிஸ் இதை யோசித்தார். அவர் யோசனை எங்கே போய் நின்றது என்பது, தன் வலது உள்ளங்கையை மெதுவாகத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டதிலிருந்து அசிமினாவுக்குத் தெரிந்தது.

"எல்லாத்தையும் பார்த்தேன்," என்றார் பொலிக்ரோனிஸ். "மாதா திருநாள் அன்னிக்கு ரெண்டு கையாலயும் காட்டினியே, அதையும் பார்த்தேன். ஸ்டியரிங்கை விட்டுட்டு."

"பதினோரு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே."

"நீ ஆக்கிக்கிட்டே. நான் சும்மா நடந்துட்டுத்தான் இருந்தேன்."

"தடியால என் கால் விரலைக் குத்தினே."

"ஆமா. குறி பார்த்து."

வண்டி வீதிக்குள் இறங்கியது. ஏழே கால் மணிக்கு ஊரே வீதியில் இருந்தது. டாக்ஸிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் வழக்கம்போல வாசல்படிகளில் ஏறிக்கொண்டார்கள். பிறகு ஓட்டுவது யாரென்று பார்த்தார்கள். பாதிரியார் நின்ற இடத்தில் சிலுவை போட்டார். ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த எள்ளு ரொட்டி வளையங்களோடு கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரின் குருடர், ஊரின் பருந்துக் கண்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மாதா கோயில் சுவரோரம் ஒரு சாண் இடைவெளி விட்டு, எதையும் தொடாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். காப்பிக்கடை வாசலில் தசூலா தட்டோடு நின்றாள். பொலிக்ரோனிஸ் வண்டியின் சன்னல் கண்ணாடியை இறக்கி அவளுக்குப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார். தட்டு விழுந்தது.

"உனக்குத்தான் போட்டேன்," என்றார் பொலிக்ரோனிஸ், கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

ஸஃபீரிஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் அவருக்கு அதிகம் தெரியாது என்பது அசிமினாவுக்குத் தெரியும். துறைமுகம் வரும் வரை அப்படியே இருந்தார். வண்டி நின்றதும், "கேட்டிருக்கக் கூடாது," என்றார். பொலிக்ரோனிஸ், கேட்டதுகூடப் பரவாயில்லை, காலை ஆறு மணிக்கா கேட்பது என்றார். பிறகு இருவருமே கப்பலேறினார்கள். சிகிச்சைக்குப் போகும் ஆளுக்குத் துணை ஒருவர் போகலாம் என்று படிவத்தில் இருந்தது. உறவு என்ற இடத்தில் அசிமினா 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். லேசர் நன்றாகவே வேலை செய்திருந்தது. இடக் கண்ணில் அழுத்தம் பதினாறுக்கு இறங்கிவிட்டது. வலக் கண்ணில் போனது போனதுதான். டாக்ஸியைப் பொலிக்ரோனிஸ் ஓட்ட, ஸஃபீரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாடகை பேசினார். பொலிக்ரோனிஸுக்குப் பார்வை வந்தது எப்படி என்பதற்கு ஊரில் மூன்று கதை இருந்தது. மாதாவின் அருள் என்பது ஒன்று, ஏதென்ஸ் டாக்டர்களின் சொட்டு மருந்து என்பது இன்னொன்று. மூன்றாவது உண்மை. அதை யாரும் நம்பவில்லை.

மிர்த்தோ பொலிக்ரோனிஸையும் உட்காரவைத்துப் பேசினாள். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் இருந்திருக்கிறது, அதனால் உங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு, வருடா வருடம் காட்ட வேண்டும் என்றாள். அப்படியானால் நிஜமாகவே எனக்குக் கண் போகலாமா என்று அவர் கேட்டார். போகலாம், போகாமலும் இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை கேள்வியும் என்றாள் மிர்த்தோ. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தான் நாளைக்கு ஆறு காப்பி குடிப்பதாக ஒப்புக்கொண்டார். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கருஃபாலியாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

தீவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் சொட்டு மருந்து விடக் கற்றுத்தர அசிமினா பொலிக்ரோனிஸின் வீட்டுக்குப் போனாள். ஸஃபீரிஸ் அங்கேதான் இருந்தார். அவருக்குத் தானே விட்டுக்கொள்ள வரவில்லை. புட்டியைக் கண்டாலே இமை மூடிக்கொண்டது. மருந்து கன்னத்திலும் மீசையிலும் போயிற்று. பொலிக்ரோனிஸ் புட்டியை வாங்கினார். அண்ணனின் தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்தார்.

"மேல பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"என்னைப் பார்க்கிற. உத்தரத்தைப் பாரு."

ஒரு சொட்டு. சரியாக விழுந்தது. இரண்டு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும் என்று அசிமினா சொன்னாள். பேசாமல் இருப்பது மருத்துவ விதியில் இல்லை, அவளாகச் சேர்த்தது. இரண்டு பேரும் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார்கள். உள்ளே கருஃபாலியா கொண்டைக்கடலை சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கிருந்தே கேட்டாள்.